கைப்பந்தாட்ட வீரர் பயிற்றுவிப்பாளராவது எப்படி: ஸ்டாஃபான் ஓல்சனின் வழியும் யாழ்ப்பாணத்து மைதானமும்

யாழ்ப்பாணத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மூத்த வீரர் பயிற்றுவிப்பாளராகும் விதம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்க மறுக்கிறது; ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யாரோ ஒருவர் எழுந்து, "இனி அண்ணையே பெடியளைப் பாக்கட்டும்" என்கிறார்; அடுத்த கிழமை விசில் அவருடைய கழுத்தில் தொங்குகிறது. உதைபந்தாட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலும் இப்படி வந்தவர்கள் ஓரளவு சமாளித்து விடுகிறார்கள், ஏனெனில் அந்த விளையாட்டை அறிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு, தவறினால் திருத்துவதற்கு மைதான ஓரத்திலேயே ஆள் இருக்கும். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் கைப்பந்தாட்டத்தில் (handball) அந்த வசதி நமக்கு இல்லை. ஆகவே ஆட்டக்காரராக இருந்து பயிற்றுவிப்பாளராக மாற விரும்புகிறவர், அந்த மாற்றத்தை ஒரு கைத்தொழிலைக் கற்பதுபோலத் திட்டமிட்டுக் கற்க வேண்டும். அதற்கு முன்மாதிரியாக நான் எப்போதும் எடுத்துக்கொள்வது சுவீடன் நாட்டு வீரர் ஸ்டாஃபான் ஓல்சனின் வாழ்க்கையை.

1964 இல் பிறந்த ஓல்சன், பெங்ட் யொஹான்சன் 1988 முதல் 2004 வரை பயிற்றுவித்த சுவீடன் தேசிய அணியின் தூண்களில் ஒருவர். அதே ஆண்டில் பிறந்த மாக்னுஸ் விஸ்லாண்டரும் ஓலா லிண்ட்கிரெனும் அவருடன் ஆடினார்கள். அந்த அணி 1990 இலும் 1999 இலும் உலகக் கிண்ணத்தை வென்றது; 1994, 1998, 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றது; 1992, 1996, 2000 ஒலிம்பிக் இறுதிப் போட்டிகள் மூன்றிலும் தோற்று வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பியது. ஓல்சன் தொண்ணூறுகளை ஜேர்மனியக் கழகங்களில் கழித்தார், அவற்றுள் 1996 முதல் 2003 வரை கீல் நகரக் கழகத்தில் ஆடினார். 2002 இல் ஸ்டொக்ஹோமில் நடந்த ஐரோப்பிய இறுதிப் போட்டியில் ஜேர்மனி முன்னிலையில் நிற்க, வழமையான நேரத்தின் கடைசி நொடிகளில் சமநிலைக் கோலை அடித்தவர் அவர்தான். மேலதிக நேரத்தில் சுவீடன் 33–31 என வென்றது. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. அந்த வயதில் அப்படி ஒரு பந்தை எறியத் துணிந்தவர் அடுத்த சில ஆண்டுகளில் என்ன செய்தார் என்பதே நமக்குப் பாடம்.

ஓய்வுக்கு முன்பே தொடங்குதல்

ஓல்சன் 2003 இல் ஜேர்மனியை விட்டு ஸ்டொக்ஹோமின் ஹம்மார்பி கழகத்துக்கு வந்தார். முதலில் ஆடினார், பின்னர் அதே கழகத்தின் பயிற்றுவிப்பை ஏற்றார். அக்கழகம் 2006, 2007, 2008 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சுவீடன் பட்டத்தை வென்றது. பெரிய மேடையிலிருந்து நேரே இன்னொரு பெரிய மேடைக்குத் தாவாமல், தான் நேற்றுவரை உடைமாற்றிய அறையிலேயே பயிற்றுவிப்பாளராக வேலை பழகியதை நான் மிக முக்கியமான முடிவாகக் கருதுகிறேன்.

இதை நம்முடைய கழகத்தில் செய்வதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆடுவதை நிறுத்துவதற்கு ஏறத்தாழ இரண்டு பருவங்களுக்கு முன்பாக, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வாரத்தில் ஒரு பின்னேரம் உங்களிடம் விடும்படி கழகச் செயலாளரைக் கேளுங்கள். அதே காலத்தில் மூத்தோர் அணியின் சிநேகபூர்வப் போட்டிகளில் முதற்பாதியில் மட்டும் ஆடிவிட்டு, இரண்டாம் பாதியில் வாங்கில் அமர்ந்து குறிப்பெடுக்கப் பழகுங்கள். ஒரு கொப்பியில் கோலைச் சுற்றியுள்ள ஆறு மீற்றர் வளைவை வரைந்து, அதை ஆறு பாத்திகளாகப் பிரியுங்கள். எதிரணி எறியும் ஒவ்வொரு பந்தும் எந்தப் பாத்தியிலிருந்து வந்தது, அப்போது நம்முடைய தடுப்பாளர்களில் யாருடைய காலும் யாருடைய காலும் விலகி நின்றன, பந்து கோலானதா, காப்பாளர் தடுத்தாரா, வெளியே போனதா என்பதை மட்டும் எழுதினால் போதும். பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆட்டக்காரரின் பழக்கம். பந்து இல்லாதவர்களின் கால்களைப் பார்ப்பது பயிற்றுவிப்பாளரின் பழக்கம், அது கண்ணுக்கு வர நீண்ட நாள் எடுக்கும்.

இந்தக் காலத்திலேயே உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, கழகப் பதிவு ஒழுங்காக இருக்கிறதா, பயிற்றுவிப்பாளருக்கான பாடநெறிகள் எப்போது நடைபெறுகின்றன என்பவற்றைக் கேட்டு வையுங்கள். விதிநூலைச் சர்வதேசக் கைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் இணையத்தளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பழைய நினைவை நம்பாதீர்கள். கோலுக்கு முயலாமல் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கும் மந்தமான தாக்குதலுக்காக மத்தியஸ்தர் கையை உயர்த்தி எச்சரித்த பின்னர் முன்பு ஆறு கைமாற்றங்கள் அனுமதிக்கப்பட்டன. 2022 முதல் நான்கு மாத்திரமே. தடையின்றி எறியும்போது பந்து காப்பாளரின் தலையில் பட்டால் எறிந்தவருக்கு இரண்டு நிமிட இடைநிறுத்தம் என்பதும் அந்த ஆண்டில் வந்ததுதான்.

உங்கள் எறியைப் பிள்ளைகளுக்குத் திணிக்காதீர்கள்

ஓல்சன் இடக்கையர், வலப்புறப் பின்வரிசையில், அதாவது கோலிலிருந்து தள்ளி நின்று எறிகிறவர்களின் வலப்புறத்தில், ஆடியவர். அந்த இடத்தில் இடக்கையருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை மைதானத்தில் நின்று பார்த்தால்தான் விளங்கும். வலப்புறத்திலிருந்து வலக்கையர் எறியும்போது அவருடைய எறியும் கை பக்கக்கோட்டை நோக்கி விலகி நிற்கிறது, அதனால் கோல் அவருக்கு ஒடுங்கித் தெரிகிறது. இடக்கையர் அதே இடத்தில் பாய்ந்தால் கை மைதானத்தின் நடுவை நோக்கி வருகிறது. கோலின் இரு மூலைகளும் அவருக்குத் திறந்திருக்கின்றன. நம்முடைய வீடுகளில் இடக்கையால் எழுதுகிற பிள்ளையை வலக்கைக்கு மாற்றும் பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை, அதனால் சில பிள்ளைகள் தங்கள் இடக்கைப் பழக்கத்தை மறைத்தே பயிற்சிக்கு வருவார்கள். முதல் நாளில் ஒரு தென்னங்குரும்பையைக் கொடுத்துத் தூரத்து மரத்தை நோக்கி எறியச் சொல்லுங்கள், கை தானாக வெளிப்படும். அப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் வலப்புறப் பின்வரிசையிலோ வலது ஓரத்திலோ நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் ஓல்சனின் பயிற்றுவிப்பில் நான் கவனிப்பது வேறொன்று. ஒரு தலைமுறையில் ஒருவருக்கே வாய்க்கும் எறி அவருக்கு இருந்தது, அதைப் படியெடுத்துக் கொடுக்க எந்தப் பயிற்றுவிப்பாளராலும் முடியாது. நல்ல ஆட்டக்காரர் மோசமான பயிற்றுவிப்பாளராகும் இடம் இதுதான்: தனக்கு எளிதாக வந்ததைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாமல், "இப்பிடி எறி, இப்பிடி" என்று தானே எறிந்து காட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் எறிந்து காட்டும் நேரம் பயிற்சியின் பத்திலொன்றைத் தாண்டினால், உங்களுக்குள் இருக்கும் ஆட்டக்காரர் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று கொள்ளலாம்.

மைதானத்தைக் குறித்தல்

சுவீடனில் இது உள்ளக விளையாட்டு. நமக்கு மண் தரை. அளவுகளைச் சரியாகக் குறிக்காமல் பழக்கினால் பிள்ளைகள் வேறு மைதானத்தில் தடுமாறுவார்கள், ஆகவே ஒரு தடவை முறையாகக் குறித்துக்கொள்வது நல்லது. நீளம் 40 மீற்றர், அகலம் 20 மீற்றர். மாலைச் சூரியன் காப்பாளரின் கண்ணில் விழாதபடி கோல்களை வடக்கிலும் தெற்கிலும் வையுங்கள். கோலின் உள்ளளவு 3 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும்; சவுக்குத் தடியிலோ இரும்புக் குழாயிலோ செய்யலாம், ஆனால் நிலத்தில் ஆழப் புதைக்க வேண்டும் அல்லது பின்சட்டத்தில் மண் மூட்டைகளை ஏற்ற வேண்டும். கட்டப்படாத கோல் ஒன்று பிள்ளையின் மேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

ஆறு மீற்றர்க் கோடு முழு அரைவட்டம் அன்று, பலர் அப்படியே வரைந்து விடுகிறார்கள். கோலுக்கு நேரே 6 மீற்றர் தள்ளி, 3 மீற்றர் நீளத்தில் நேர்கோடு ஒன்றை முதலில் இடுங்கள். பின்னர் ஒரு கம்பத்தின் உட்பக்கப் பின்மூலையில் முளை அறைந்து, 6 மீற்றர்க் கயிற்றைக் கட்டி, நேர்கோட்டின் முனையிலிருந்து கோற்கோடு வரை கால்வட்டம் ஒன்றை இழுங்கள். மற்றக் கம்பத்திலும் அவ்வாறே. கயிறு நைலோனாக இருந்தால் இழுபட்டு அளவு மாறும், தும்புக் கயிறு நன்று. அதே முளைகளில் 9 மீற்றர்க் கயிற்றைக் கட்டினால் விட்டுவிட்டு இடும் கோடு கிடைக்கும். அதில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு இடைவெளியும் 15 சென்ரிமீற்றர். தண்ட எறிக்கான கோடு கோலிலிருந்து 7 மீற்றரில், 1 மீற்றர் நீளத்தில் வரும். சோளகம் வீசும் மாதங்களில் சுண்ணாம்புத் தூள் ஒரு பின்னேரத்திலேயே பறந்துவிடும் என்பதால், கோடுகளின் முனைகளில் சிறு முளைகளைத் தரையோடு தரையாக அறைந்து வைத்தால் அடுத்த நாள் மறுபடி அளக்க வேண்டியதில்லை.

பந்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல். ஆண்களுக்கு மூன்றாம் அளவு, அதாவது 58 முதல் 60 சென்ரிமீற்றர்ச் சுற்றளவு; பெண்களுக்கும் பதினாறு வயது வரையான பையன்களுக்கும் இரண்டாம் அளவு, 54 முதல் 56 சென்ரிமீற்றர்; சிறுவருக்கு முதலாம் அளவு, 50 முதல் 52 சென்ரிமீற்றர். பெரிய பந்தைச் சிறிய கையில் கொடுத்தால் பிள்ளை அதைப் பிடிக்காமல் தள்ளப் பழகும், அந்தப் பழக்கம் பின்னர் போகாது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் உறவினர்களிடம் சொக்லேற்றுக்குப் பதிலாக இரண்டாம் அளவுப் பந்து இரண்டைக் கேட்பது தவறில்லை. பிசின் பூசிய பந்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மண் மைதானத்தில் அது உப்புக்காகிதமாகிவிடும்.

வேறு விளையாட்டிலிருந்து வரும் பிள்ளைகள்

கைப்பந்தாட்டத்தையே முதல் விளையாட்டாகக் கொண்டு ஒரு பிள்ளையும் நம்மிடம் வருவதில்லை. இது குறை போலத் தோன்றினாலும், யார் எங்கிருந்து வருகிறார் என்பதைக் கவனித்தால் பயிற்சித் திட்டத்தில் பாதி தானாக எழுதப்பட்டுவிடும்.

வலைப்பந்தாட்டம் ஆடிய மாணவி கைமாற்றத்தில் கெட்டி. மூன்று விநாடிக்குள் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவளுக்குப் பழகிய விதி, கைப்பந்தாட்டத்திலும் பந்தைக் கையில் வைத்திருக்கும் எல்லை மூன்று விநாடிதான். ஆனால் பந்துடன் நகரக் கூடாது என்று ஆண்டுக்கணக்காகப் பழகியதால் அவளுடைய கால்கள் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும்; கைப்பந்தாட்டம் அனுமதிக்கும் மூன்று அடிகளை எடுக்க அவள் அஞ்சுவாள். இன்னும் பெரிய சிக்கல் உடற்தொடுகை. எதிராளியிலிருந்து 0.9 மீற்றர் விலகி நின்று தடுக்கும்படி பழகியவள், இங்கே கோலை நோக்கி வருகிறவளின் முன்னால் மார்பைக் கொடுத்து, கையை மடக்கித் தடுத்து நிறுத்த வேண்டும். ஆகவே அவளுக்கு முதல் மாதத்தில் எறி பழக்க வேண்டாம். பந்தைப் பிடித்ததும் இடது, வலது, இடது என்று அடிவைத்துப் பாயும் பயிற்சியையும், இருவர் இருவராக நின்று மார்போடு மார்பாகத் தள்ளி நிறுத்தும் பயிற்சியையும் மட்டும் கொடுங்கள்.

உதைபந்தாட்டப் பையனுக்கு ஓட்டமும் இடவுணர்வும் உண்டு, வேகத் தாக்குதலில் அவன் முதலாவதாக ஓடுவான். தடுப்பில் அவன் கைகளைத் தொங்கவிட்டு நிற்பான், கால் நீட்டியும் விடுவான். முழங்காலுக்குக் கீழே பந்தைத் தொட்டால் தவறு என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். கரப்பந்தாட்டம் ஆடியவனுக்குப் பாய்ச்சல் இருக்கிறது, தோளும் இருக்கிறது. ஆனால் அவன் பந்தை அடிக்கப் பழகியவன், பிடித்து எறியப் பழகியவன் அல்லன். அவனை வலைக்கு முன்னால் எழும்புவதுபோல நேரே மேலெழும்ப விடாமல், முன்னோக்கிப் பாய்ந்து உச்சியில் ஒரு கணம் பொறுத்து எறியப் பழக்க வேண்டும். துடுப்பாட்டத்தில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிகிற பையன் கிடைத்தால் இடப்புறப் பின்வரிசைக்கு வேறு ஆளைத் தேட வேண்டாம்.

காப்பாளரை மட்டும் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். பெங்ட் யொஹான்சனின் சுவீடன் அணிக்கு மாட்ஸ் ஓல்சன், தோமஸ் சுவென்சன், பீட்டர் ஜென்ட்செல் என்று ஒருவர் பின் ஒருவராகப் பெரும் காப்பாளர்கள் கிடைத்தார்கள், அவர்கள் தடுத்த பந்துகளிலிருந்துதான் அந்த அணியின் வேகத் தாக்குதல்கள் பிறந்தன. நம்மிடமோ ஓட முடியாத பிள்ளையைக் கோலுக்குள் நிறுத்தும் வழக்கம் இருக்கிறது. அதை விடுங்கள். அணியில் அச்சம் குறைந்த பிள்ளையைத் தேர்ந்து, முதல் சில கிழமைகள் மென்மையான பந்தால் மட்டும் எறிந்து, கண்ணை மூடாமல் நிற்கப் பழக்குங்கள். காப்பாளர் பந்தைத் தடுத்ததும் ஓரத்தில் ஓடுகிறவருக்கு ஒரே எறியில் கொடுப்பதையும் அன்றிலிருந்தே பழக்குங்கள்.

மண் தரையில் பந்து எதிர்பார்த்தபடி எழும்பாது என்பதால் தட்டிக்கொண்டு ஓடும் ஆட்டத்தை நான் கிட்டத்தட்ட விலக்கியே வைக்கிறேன். இதனால் அணிக்கு நன்மையே. தட்டி ஓட முடியாத அணி கைமாற்றத்தால் மட்டுமே முன்னேற வேண்டியிருப்பதால், உள்ளக அரங்கில் ஆடும் வாய்ப்பு வரும்போது அதன் பந்து மற்றவர்களுடையதைவிட வேகமாக நகரும்.

நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகளின் ரியூசன் நேரசூசியைக் கேட்டு எழுதிக்கொண்ட பின்னரே பயிற்சி நாட்களைத் தீர்மானியுங்கள். இரண்டு பின்னேரமும் ஒரு ஞாயிறு காலையும் கிடைத்தால் அது தாராளம். ஐப்பசியில் மாரி தொடங்கினால் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களைச் சனசமூக நிலையத்தின் மண்டபத்தில் விதிகளைப் படிக்கவும், கைபேசியில் போட்டிக் காணொளிகளைப் பார்க்கவும், உடற்பலப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள்.

வாங்கில் இருவர்

2008 இல் சுவீடன் தேசிய ஆண்கள் அணியை ஓல்சன் தனியாக ஏற்கவில்லை. பழைய தோழர் ஓலா லிண்ட்கிரெனுடன் சேர்ந்து ஏற்றார். லிண்ட்கிரென் அதற்குள் பயிற்றுவிப்பாளராகத் தன் பெயரை நிறுவியிருந்தார்: அவருடைய நோர்ட்ஹோர்ன் கழகம் அதே 2008 இல் ஐரோப்பியச் சம்மேளனக் கிண்ணத்தை வென்றது. பிற்பாடு அவர் பயிற்றுவித்த கிறிஸ்தியான்ஸ்தாட் கழகம் 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சுவீடன் பட்டத்தை எடுத்தது. இரண்டு பெரிய பெயர்கள் ஒரே வாங்கில் எட்டு ஆண்டுகள் அமர்ந்திருந்தது எளிதான காரியம் அன்று. நம்முடைய கழகங்களில் இரண்டு மூத்தவர்கள் ஒரு பருவம் சேர்ந்திருப்பதே பெரும்பாடு என்பதை அறிந்தவர்களுக்கு அது விளங்கும்.

இருவராக ஏற்பதானால் முதல் நாளிலேயே வேலையைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் தடுப்பையும் காப்பாளரையும் பார்க்கட்டும், மற்றவர் தாக்குதலையும் ஆள்மாற்றத்தையும் பார்க்கட்டும். ஆள்மாற்றம் கைப்பந்தாட்டத்தில் ஆட்டம் நிற்காமலே, எத்தனை தடவையும் நடக்கும் என்பதால் ஒருவருடைய கண் அதிலேயே இருக்க வேண்டும். ஒருவர் வெளியேறும் முன்னர் இன்னொருவர் உள்ளே கால் வைத்தால் இரண்டு நிமிடம் ஆள் குறைந்துவிடும். கருத்து வேறுபாடு வந்தால் அதைப் பிள்ளைகள் முன்னால் பேசுவதில்லை என்று இருவரும் உடன்பட்டுக்கொள்ள வேண்டும்.

ஓய்வு நேரம் கேட்கும்போது ஒரு குரல் மட்டும் பேச வேண்டும். ஒரு போட்டியில் ஓர் அணிக்கு மூன்று ஓய்வு நேரங்கள். ஒரு பாதியில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்றுக்கு மேல் கிடையாது. பந்து நம்மிடம் இருக்கும்போது பச்சை அட்டையை மேசையில் வைக்க வேண்டும். கிடைப்பது ஒரு நிமிடம். அதில் முதல் இருபது விநாடியைத் தண்ணீருக்கு விடுங்கள். பிறகு தடுப்பில் ஒரு திருத்தமும் அடுத்த தாக்குதலுக்கு ஒரு திட்டமும் சொல்லுங்கள். மூன்றாவது விடயம் எவ்வளவு முக்கியமாகத் தோன்றினாலும் சொல்லாதீர்கள், ஏனெனில் மூச்சு வாங்கும் பிள்ளைக்கு முதல் இரண்டும் சேர்த்து மறந்துபோகும். பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று கொடுக்கும் ஆலோசனைகளைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

தோல்வியும் கையளிப்பும்

2012 ஜூனில் ஓல்சன், லிண்ட்கிரென் இருவரின் அணி மொண்டெனேகுரோவிடம் தோற்று, அடுத்த ஆண்டின் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறாமல் போனது. அதே கோடையின் ஓகஸ்டில் அதே அணி லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டி வரை சென்று, பிரான்ஸிடம் 22–21 என்ற ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்று வெள்ளி வென்றது. இரண்டு மாத இடைவெளியில் ஓர் அணி இவ்வளவு தாழ்ந்தும் உயர்ந்தும் போக முடியுமானால், வலய மட்டப் போட்டியில் தோற்ற மறுநாள் அணியைக் கலைத்து அமைக்க வேண்டிய தேவை எதுவுமில்லை. தோல்விக்குப் பிறகு முதலில் செய்ய வேண்டியது உங்கள் கொப்பியைத் திறந்து, எந்தப் பாத்தியிலிருந்து அதிக கோல்கள் வாங்கினோம் என்று எண்ணுவது. அந்தப் பாத்தியின் இருபுறமும் நின்ற இருவரை மட்டும் அடுத்த பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்னதாக அழைத்து வேலை செய்யுங்கள். முழு அணியையும் நிறுத்தி ஏசுவதால் அந்த இடைவெளி அடைபடாது.

2016 இல் ரியோ ஒலிம்பிக்கில் சுவீடன் முதற்சுற்றோடு வெளியேறியதும் இருவரும் தேசிய அணிப் பொறுப்பை விட்டார்கள். ஓல்சன் விளையாட்டை விட்டு விலகவில்லை, 2022 இல் நெதர்லாந்து ஆண்கள் அணியின் பயிற்றுவிப்பாளரானார். பதவியை விடுவதும் தொழிலை விடுவதும் வேறு வேறு என்பதை நம்முடைய கழகங்கள் ஏற்றுக்கொள்ள இன்னும் காலம் எடுக்கும் என்று நினைக்கிறேன். விலகியவர் அடுத்த ஊர் அணியைப் பயிற்றினால் இங்கே அது துரோகமாகப் பார்க்கப்படுகிறது.

ஆகவே பொறுப்பேற்கும் நாளிலேயே கையளிப்புக்கான கோவை ஒன்றைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த திகதி, எறியும் கை, ஆடிய இடங்கள், காயங்களின் விபரம், பெற்றோரின் தொடர்பு இலக்கம், மைதான முளைகள் எங்கே அறையப்பட்டுள்ளன என்ற குறிப்பு, பந்துகளின் எண்ணிக்கை ஆகியவை அதில் இருக்கட்டும். ஒரு பிரதியைக் கழகச் செயலாளரிடம் கொடுத்து, ஒவ்வொரு தவணை முடிவிலும் புதுப்பியுங்கள். மூத்தோர் அணியில் இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களுள் ஒருவரை, அவருக்கு இன்னும் இரண்டு பருவம் ஆட்டம் மிச்சமிருக்கும்போதே, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் பின்னேரத்துக்கு உங்களுடன் வரச் சொல்லுங்கள்.